வந்தவருக்கு முகம் கொடுத்தல்: திருகோணமலையில் விழா வைக்கிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கலியாணம், சாமத்தியச் சடங்கு, குடிபூரல், பழைய மாணவர் ஒன்றுகூடல் என்று திருகோணமலையிலும் சுற்றுவட்டாரத்திலும் பல வருடமாக வாசலில் நின்று ஆட்களை வரவேற்கிறேன். முதலில் சொந்தக்காரருக்காக நின்றது, பிறகு தொழிலாகிவிட்டது. சோடனைக்கும் சமையலுக்கும் வேறு ஆட்கள் இருக்கிறார்கள். என்னிடம் வருகிறவர்கள் கேட்பதெல்லாம் வந்தவர் மனம் கோணாமல் போவதைப் பற்றித்தான். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே எழுதி வைக்கிறேன்.

இவ்வளவு செலவு செய்தோம். பிறகும் "முகம் கொடுத்துக் கதைக்கவில்லை" என்று குறை சொல்கிறார்களே, ஏன்?

செலவு சபைக்குச் செய்வது. முகம் ஆளாளுக்குக் கொடுக்க வேண்டியது. இது எனக்கு விளங்கியது என்னுடைய பிழையால்தான்.

உவர்மலைப் பக்கம் ஒரு கலியாணம். காலை எட்டு மணிக்கே ஒரு வயதான அம்மா தனியாக வந்தார். கையில் ஒரு பழைய பால்மா டின், அதற்குள் வீட்டில் சுட்ட பலகாரம். சந்தனம், குங்குமம் கொடுத்தேன், பன்னீர் தெளித்தேன், "உள்ளே போய் இருங்கோ அம்மா" என்றேன். சிரித்த முகத்தோடுதான் சொன்னேன். அவர் கடைசி வரிசையில், ஃபேன் காற்று எட்டாத மூலையில், டின்னை மடியில் வைத்தபடி இரண்டு மூன்று மணித்தியாலம் இருந்திருக்கிறார். பந்திக்கு யாரும் கூப்பிடவில்லை. மாப்பிள்ளையின் தகப்பன் பிற்பகலில் வந்து "மூதூர்ப் பெரியம்மா எங்கே?" என்று கேட்டபோதுதான் தேடினோம். கதிரையில் டின் மட்டும் இருந்தது. அந்தத் தகப்பன் பள்ளிக்கூடம் படித்த காலத்தில் நாலு வருடம் சோறு போட்டு வைத்திருந்த வீடு பெரியம்மாவுடையது.

அவ்வளவு கதிரைக்கும் வெள்ளை உறை போட்டுப் பின்னால் பொன்நிற நாடா கட்டியிருந்தோம். அவர் யார் என்று வாசலில் நின்ற எனக்குத் தெரியாது. அன்றிலிருந்து, விருந்தினர் பட்டியலை யாரும் வாய்விட்டு எனக்கு வாசித்துக் காட்டாமல் நான் வேலை எடுப்பதில்லை.

அழைப்பிதழை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் போதாதா?

இளம் ஆட்களுக்குப் போதும். ஆனால் குழுவில் போட்ட அழைப்பு யாருக்கும் சொன்ன அழைப்பு ஆகாது. அதே கார்டைத் தனித்தனியாக அனுப்பி, கீழே பெயர் சொல்லி ஒரு குரல் பதிவு போடுங்கள். "ராசாத்தி மாமி, நீங்கள் இல்லாமல் பொன்னுருக்கு இல்லை, அண்டைக்குக் காலமையே வாங்கோ" என்று இருபது விநாடி போதும். இந்த வேலையை ஒரு பின்னேரத்தில் ஐம்பது பேருக்குச் செய்து முடிக்கலாம்.

அறுபது வயதைத் தாண்டியவர்களுக்கு மட்டும் வீட்டுக்குப் போய்ச் சொல்லுங்கள். நம் ஊரில் "சொன்னவர்கள்" என்றால் நேரில் வந்து சொன்னவர்கள்தான். இதில் ஒரு தந்திரமும் உண்டு. சொல்லப் போகும் அந்தக் கால் மணித்தியாலத்தில் அவர்களுக்கு முழங்கால் வருத்தமா, சீனி வருத்தமா, வர வாகனம் இருக்கிறதா, யாரோடு கோபம் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரிந்துவிடும். விழா நாளில் அதுதான் கைகொடுக்கும்.

உறையில் பெயரைக் கையால் எழுதுங்கள். தலைப்பெழுத்துப் பிழைத்தால் கார்டையே மாற்றுங்கள். "குடும்பம்" என்றால் எத்தனை பேர் என்ற குழப்பம் எப்போதும் இருக்கிறது. பிள்ளைகளையும் எதிர்பார்த்தால் வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள், சொல்லாவிட்டால் மரியாதை பார்ப்பவர்கள் இருவராகத்தான் வருவார்கள், பிள்ளைகள் வீட்டில் அழும்.

வாசலில் யாரை நிறுத்துவது?

வடிவாகச் சேலை கட்டிய நாலு பிள்ளைகளைத் தட்டத்தோடு நிறுத்துவது வழக்கம். நிற்கட்டும், பார்க்க அழகு. அவர்களோடு ஆட்களைத் தெரிந்த ஒருவரும் நிற்க வேண்டும், பெண் பக்கம் ஒருவர், மாப்பிள்ளை பக்கம் ஒருவர். இதற்குப் பெற்றோர் சரிவரமாட்டார்கள், அவர்களை ஐயர் பத்துத் தடவை கூப்பிடுவார். ஊர் முழுக்கத் தெரிந்த ஒரு சித்தப்பா, ஓய்வு பெற்ற ஆசிரியர், இல்லாவிட்டால் தபால்காரராக இருந்தவர் கிடைத்தால் விடவே கூடாது. பாலையூற்றில் எனக்கு ஒரு ஓய்வு பெற்ற தபால்காரர் இருக்கிறார். முகத்தைப் பார்த்து ஒழுங்கையைச் சொல்வார், ஒழுங்கையைச் சொன்னால் நாய்க்குட்டியின் பெயர் வரைக்கும் வரும்.

நான் ஒரு சீ.ஆர். கொப்பி வைத்திருக்கிறேன். அதில் இப்படி இருக்கும்: "சாம்பல்தீவு மாமா, இடது காது கேளாது, வலப்பக்கம் நின்று கதை." "தம்பலகாமம் அக்கா, மகன் போன மாதம் கட்டார் போனவன், விசாரி." "கிண்ணியா நானா, அப்பாவோடு ஒன்றாக வேலை செய்தவர், முன் வரிசை." "சீனக்குடா குடும்பம், கைக்குழந்தை, தொட்டில் கட்ட அறை காட்டு." ஒரு ஆளுக்கு ஒரு வரி. போனில் எழுதி வைக்கலாம்தான், ஆனால் வருகிறவர் முன்னால் போனைப் பார்த்துக்கொண்டு நின்றால் எல்லாம் கெட்டுவிடும். கொப்பியை முதல் நாள் இரவு படித்துவிட்டு வீட்டிலேயே விட்டுவிட்டு வருவேன்.

இன்னொரு விஷயம். வாசலில் "வாங்கோ" என்று சொல்வதோடு வேலை முடிவதில்லை. உள்ளே கூட்டிக்கொண்டு போய், தெரிந்த ஒருவருக்குப் பக்கத்தில் இருத்தி, "இவர் நம்முடைய இன்னாருடைய இன்னார்" என்று சொல்லிக் கதையைத் தொடக்கிவிட்டுத்தான் திரும்ப வேண்டும். தனியாக வருகிறவர்களுக்கு இதைக் கட்டாயம் செய்யுங்கள். கூட்டமாக வருகிறவர்கள் தங்களைத் தாங்களே பார்த்துக்கொள்வார்கள்.

தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் மூன்று பேரும் வருகிறார்கள். சாப்பாட்டையும் மரியாதையையும் எப்படிச் சமாளிப்பது?

இது திருகோணமலைக்கே உரிய கேள்வி. கந்தோரிலும் சந்தையிலும் மூன்று பேரும் ஒன்றாகத்தான் இருக்கிறோம், கலியாணத்தில் மட்டும் தடுமாறுகிறோம்.

நாளைக் குறிக்கும்போதே தொடங்குங்கள். வெள்ளிக்கிழமை மதியம் ஜும்மா நேரம். அந்த நேரத்தில் பந்தி வைத்தால் முஸ்லிம் நண்பர்கள் வரமுடியாது, வந்தாலும் மனம் அங்கே இருக்கும். நோன்பு மாதம் என்றால் பகல் விருந்துக்கு அவர்களைக் கூப்பிட்டுவிட்டு "சும்மா இருந்துவிட்டுப் போங்கோ" என்பது சரியில்லை. நோன்பு திறந்த பிறகு வீட்டுக்குத் தனியாகக் கூப்பிடுங்கள். போயா நாளில் சில் எடுக்கும், அதாவது பௌர்ணமி விரதம் பிடிக்கும் சிங்களவர்கள் நண்பகலுக்குப் பிறகு சாப்பிடமாட்டார்கள். நம்மவர்களிலும் வெள்ளிக்கிழமை மீன், இறைச்சி என்று மச்சம் தொடாதவர்கள், கந்தசஷ்டி ஆறு நாளும் விரதம் இருப்பவர்கள் இருக்கிறார்கள்.

கலியாணச் சாப்பாடு மரக்கறி என்றால் பாதிச் சிக்கல் தீர்ந்தது. எல்லோரும் ஒரே சோற்றைச் சாப்பிடலாம். வரவேற்பு விருந்தில் மச்சம் வைப்பதாக இருந்தால், இறைச்சியை ஹலால் கடையில் வாங்கி, முஸ்லிம் சமையல்காரரிடமே கொடுத்துவிடுவது நல்லது. "ஹலால்தான்" என்று நாம் சொல்வதைவிட, கிண்ணியாவில் இன்னார் சமைத்தார் என்று சொன்னால் வந்தவர் கேள்வியே கேட்காமல் சாப்பிடுவார். தனியாகக் கட்டிய பார்சலை ஒரு மூலையில் வைத்துக் கொடுப்பது எனக்குப் பிடிக்காது. நல்ல மனத்தோடுதான் செய்கிறார்கள், ஆனால் வாங்குகிறவருக்குத் தன்னை வெளியே நிறுத்தியது போல இருக்கும். பொது மேசையில் எல்லாமே எல்லோரும் சாப்பிடக்கூடியதாக இருக்கட்டும். மதுபானம் இருந்தால் அது வேறு இடத்தில், வேறு நேரத்தில்.

மறுபக்கமும் பாருங்கள். முஸ்லிம் வீட்டுக் கலியாணத்துக்கு நாம் போகும்போது சஹனைச் சுற்றி ஐந்தாறு பேர் இருந்து ஒரே தட்டத்தில் சாப்பிடுவார்கள். பழக்கமில்லாத நமக்கென்று பீங்கான் கோப்பை கொண்டுவந்து வைப்பார்கள். ஒருமுறை ஒரு நானா என்னிடம் "இதில் இருக்கிறீங்களா, தனிய வேணுமா?" என்று மற்றவர்களுக்குக் கேட்காமல் மெதுவாகக் கேட்டார். சஹனிலேயே இருந்தேன். அவர் கேட்ட அந்த விதத்தைத்தான் இப்போது நானும் என் வேலையில் பழகியிருக்கிறேன்.

மொழி? அழைப்பிதழில் சிங்களத்தில் நாலு வரி போட்டால் செலவு பெரிதாகக் கூடாது. வாசலில் "ஆயுபோவன்", "அஸ்ஸலாமு அலைக்கும்" என்று அவரவர் முறையில் சொல்லத் தெரிந்த ஒருவர் இருந்தால் போதும். மேடையில் மூன்று மொழியிலும் நீட்டி முழக்கத் தேவையில்லை.

பிரமுகர்களுக்குச் சோபா போட்டு, பொன்னாடை போர்த்த வேண்டுமா?

சங்க விழா என்றால் தவிர்க்க முடியாது, செய்யுங்கள். வீட்டு விழாவில் வேண்டாம் என்பேன். முன்வரிசைச் சோபா அரை நாள் வெறுமையாகக் கிடக்கும், பின்னால் எழுபது வயது ஆட்கள் பிளாஸ்டிக் கதிரையில் நெளிவார்கள். பிரமுகர் பத்து நிமிடம் வந்து படம் எடுத்துவிட்டுப் போவார். அந்தச் சோபாவில் பாட்டன், பாட்டியை இருத்துங்கள். பிரமுகர் வந்தால் அவர்களுக்குப் பக்கத்தில் ஒரு கதிரை போடலாம், அதை அவரும் பெருமையாகத்தான் நினைப்பார்.

நன்றியுரையில் பெயர்ப் பட்டியல் வாசிப்பதும் ஆபத்து. முப்பது பேரைச் சொல்லி, பந்தல் போட்ட தம்பியை விட்டுவிட்டால் முப்பதும் வீண்.

கணவரை இழந்த அக்காமார் சடங்கு நேரத்தில் தாங்களாகவே ஒதுங்குகிறார்கள். என்ன செய்யலாம்?

எங்கள் மாவட்டத்தில் யுத்தமும் 2004ஆம் ஆண்டுச் சுனாமியும் கழிந்த பிறகு, அப்படி ஒருவர் இல்லாத குடும்பத்தைக் காண்பதுதான் கஷ்டம். பெண்ணை வளர்த்து ஆளாக்கியவரே ஆலாத்தி எடுக்கும் நேரத்தில் குசினிக்குள் போய் நிற்பதைப் பார்த்திருக்கிறேன்.

அந்த இடத்தில் கையைப் பிடித்து இழுக்காதீர்கள். சபை முன்னால் "நீங்களும் வாங்கோ" என்று கத்தினால் நூறு கண் திரும்பும், அவருக்கு இன்னும் கூச்சம். ஒரு கிழமைக்கு முன்பே, பெண்ணோ மாப்பிள்ளையோ தனியாகப் போய்க் கேட்க வேண்டும்: "பெரியம்மா, நீங்கள் எடுத்தால்தான் எனக்குச் சந்தோசம்." பெரியவர் யாராவது முணுமுணுப்பார் என்றால் அவரிடமும் முன்பே கதைத்து வையுங்கள். ஐயரிடமும் ஒரு வார்த்தை சொல்லி வைத்தால் அன்றைக்கு யாரும் தடுமாறமாட்டார்கள்.

அவர் வேண்டாம் என்றால் வற்புறுத்தக் கூடாது. அது அவருடைய மனம். சடங்கோடு சேராத, ஆனால் எல்லோரும் காணும் ஒரு பொறுப்பைக் கொடுங்கள்: தாலியும் கூறையும் இருக்கும் தட்டத்தை வீட்டிலிருந்து பத்திரமாகக் கொண்டுவருவது, வெளியூர் ஆட்களுக்கு முதல் பந்தி பார்ப்பது. சிலர் அதையும் மறுப்பார்கள். அப்போது பக்கத்தில் போய்க் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு வாருங்கள்.

கொழும்பு, யாழ்ப்பாணத்தில் இருந்து வருகிறவர்களுக்கு?

கொழும்பிலிருந்து வீதியால் ஏறக்குறைய 260 கிலோமீற்றர். இரவு ரயிலில் வருகிறவர்கள் விடியற்காலையில் இறங்குவார்கள், உங்கள் முகூர்த்தமோ ஒன்பது மணிக்கு இருக்கும். நடுவில் குளிக்க, உடுப்பு மாற்ற, ஒரு பிளேன்டீ குடிக்க இடம் வேண்டும். நிலையத்துக்கு ஒரு ஓட்டோவும் கூட ஒரு தெரிந்த முகமும் போனால் அன்றைக்கு அவர்களுக்கு வேறு எதுவும் பெரிதாகத் தெரியாது.

மூதூர், கிண்ணியாப் பக்கத்து வயதானவர்களை வேறு விதமாகப் பார்க்க வேண்டும். 2009இல் 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலம் திறக்கும்வரை அந்த வழியில் பாதையில், அதாவது ஆட்களையும் வாகனத்தையும் ஏற்றும் மிதவையில் ஏறித்தான் கடக்க வேண்டியிருந்தது. கடைசிப் பாதை போய்விடுமோ என்று அரை வயிற்றோடு எழும்பிய பழக்கம் அவர்களிடம் இன்னும் போகவில்லை. பின்னேரமானால் கண் மணிக்கூட்டுக்குப் போகும். "வான் நாலு மணிக்கு, உங்களை வீட்டு வாசலில் விடும்" என்று வந்தவுடனேயே சொல்லிவிடுங்கள். பிறகு நிம்மதியாகச் சாப்பிடுவார்கள்.

கனடா, லண்டனில் இருந்து வரும் பிள்ளைகளுக்குத் தமிழ் வடிவாக வராது. மூலையில் போனோடு இருக்கிறார்கள்.

"தமிழ் தெரியாதா?" என்று வருகிறவர் போகிறவர் எல்லாம் கேட்டால் யார்தான் போனைக் கீழே வைப்பார்கள்? முதலில் அந்தக் கேள்வியை நிறுத்துங்கள். ஒரு வேலையைக் கையில் கொடுங்கள். பலகாரத் தட்டம் சுமப்பது, சின்னப் பிள்ளைகளுக்குச் சோடா கொடுப்பது, கோலத்துக்குப் பொடி போடுவது, எதுவானாலும் சரி.

விழாவுக்கு முதல் நாள் ஒத்த வயதுப் பிள்ளைகளோடு அவர்களை வெளியே அனுப்பிவிடுவது நான் கண்ட நல்ல வழி. கோட்டை வாசலால் போனால் மான்கள் மரத்தடியில் படுத்திருக்கும், அவற்றைப் பார்த்துக்கொண்டே சுவாமி மலையில் கோணேசர் கோயில்வரை நடக்கலாம். கன்னியாவில் ஏழு வெந்நீர்க் கிணறு, ஒவ்வொன்றிலும் சூடு வேறு வேறு. எது கூடச் சூடு என்று வாளியால் அள்ளி ஊற்றிப் பந்தயம் பிடித்துவிட்டு வந்த பிள்ளைகள் அடுத்த நாள் மண்டபத்தில் ஒன்றாகத்தான் திரிந்தார்கள்.

மேடையில் படம் எடுக்கும் வரிசையில் எல்லோரும் சலித்துப் போகிறார்களே?

ஏறு, நில், பல்லைக் காட்டு, இறங்கு. அரை மணித்தியாலம் வரிசையில் நின்றவருக்குப் பத்து விநாடி. மணமக்களுக்கு முகமே மறந்துவிடும்.

பெண்ணுக்குப் பின்னால் ஒருவர், மாப்பிள்ளைக்குப் பின்னால் ஒருவர் நின்று காதில் சொல்ல வேண்டும்: "அப்பாவின் கணக்கு வாத்தியார்." "உன் முதல் பிறந்தநாளுக்குச் சங்கிலி போட்ட மாமி." பெண் அதைப் பிடித்துக்கொண்டு ஒரு வசனம் பேசினால் போதும். படம் எடுக்கிறவர் அவசரப்படுத்துவார், அவருக்கு முதலிலேயே சொல்லி வையுங்கள். முடிந்தால் மணமக்கள் மேடையை விட்டு இறங்கி ஒரு பந்தி நேரம் மேசை மேசையாகப் போகட்டும். படியேற முடியாதவர்களுக்கு இதுதான் ஒரே வழி.

நிலாவெளி, உப்புவெளி ஹோட்டலில் வைத்தால் வரவேற்பை அவர்களே பார்த்துக்கொள்வார்கள்தானே?

குளிர்ந்த துவாயும் பழச்சாறும் கொடுப்பார்கள், அழகாக இருக்கும். "நீங்கள் எந்த வீடு?" என்று கேட்க அவர்களால் முடியாது. உங்கள் ஆள் ஒருவர் அங்கேயும் நிற்க வேண்டும். மணலில் செருப்போடு நடக்க முடியாத வயதானவர்களுக்குப் பலகை போடச் சொல்லுங்கள். கச்சான் காற்று வீசும் காலத்தில் வெளியில் மைக் வைத்தால் ஒரு சொல்லும் கேட்காது, எல்லோரும் கையைக் குடையாகப் பிடித்துக்கொண்டு சோற்றில் விழும் மண்ணைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

பழைய மாணவர் ஒன்றுகூடலில் பெயர் அட்டை தேவையா?

தேவை. இருபது வருடம் கழித்து வருகிறவரிடம் "என்னைத் தெரியுதா?" என்று கேட்பது கொடுமை. பெயரைத் தமிழில், கண்ணாடி போடாமல் வாசிக்கக்கூடிய அளவில் எழுதுங்கள். கீழே படித்த ஆண்டு, அதற்குக் கீழே பட்டப்பெயர். பட்டப்பெயர் போடலாமா என்று ஆளிடம் கேட்டுவிட்டுப் போடுங்கள், எல்லாப் பட்டப்பெயரும் சிரிப்புக்குரியது இல்லை. பதவியைப் போடவே வேண்டாம்.

அன்பளிப்பு உறையை வாசலிலேயே மேசை போட்டு வாங்கலாமா?

வேண்டாம். வந்தவுடன் முதலில் கண்ணில் படுவது காசுக் கொப்பியாக இருக்கக் கூடாது. கொடுக்க விரும்புகிறவர் மணமக்கள் கையில் கொடுப்பார். கொடுக்க வசதியில்லாதவரும் அந்த வாசலால்தான் உள்ளே வர வேண்டும்.

ஐந்நூறு பேர் என்றால் இதெல்லாம் நடக்குமா?

வீட்டுக்காரரால் நடக்காது. ஐம்பது பேருக்கு ஒருவர் என்று பத்துச் சொந்தக்காரரைப் பிடியுங்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு பட்டியல், ஒரே ஒரு கேள்வி: "என்னுடைய ஐம்பது பேரும் சாப்பிட்டார்களா?" இதைக் கேட்டுக்கொண்டு திரிந்தால் மற்றதெல்லாம் அதனோடு சேர்ந்து நடந்துவிடும்.

வழியனுப்பும்போது என்ன கொடுப்பது?

வெற்றிலை, பாக்கு, ஒரு பழம், கொஞ்சப் பலகாரம். கண்ணாடிப் பெட்டியில் மணமக்கள் பெயர் பொறித்த சாமான் எல்லாம் அலுமாரிக்கு மேலே தூசி பிடிக்கிறது. வரமுடியாமல் வீட்டில் படுத்திருப்பவர் யாராவது இருந்தால் அவருக்கென்று ஒரு பார்சலைப் பெயர் சொல்லிக் கொடுத்துவிடுங்கள்: "இது மாமாவுக்கு, சீனி போடாதது." வந்தவர் "போயிட்டு வாறன்" என்று சொல்லும்போது யாராவது ஒருவர் படலைவரை கூட நடக்க வேண்டும்.

எல்லாம் முடிந்த பிறகுதான் ஒருவரைக் கவனிக்காமல் விட்டது தெரிகிறது. இனி என்ன செய்வது?

போனில் மன்னிப்புக் கேட்காதீர்கள். போங்கள்.

அந்த உவர்மலைக் கலியாணம் முடிந்து நாலாம் நாள், பெண்ணையும் மாப்பிள்ளையையும் கூட்டிக்கொண்டு மூதூருக்குப் போனோம். பால்மா டின்னைக் கழுவித் துடைத்து, வெறுமையாகக் கொடுக்கக் கூடாது என்று கற்கண்டு நிரப்பிக் கொண்டுபோனேன். என்ன சொல்வது என்று வழி நெடுக யோசித்தேன். படலையில் எங்களைக் கண்டதும் பெரியம்மா ஒன்றும் கேட்கவில்லை. டின்னை வாங்கித் திண்ணையில் வைத்தார், பெண்ணின் கையைப் பிடித்துப் பார்த்தார், "மெலிஞ்ச பிள்ளை" என்றார். பிறகு மாப்பிள்ளையைப் பார்த்து, "உன் அப்பனுக்குச் சுறாப் புட்டு எண்டால் உயிர். உனக்கு?" என்று கேட்டுக்கொண்டே குசினிக்குள் போனார். நாங்கள் சாப்பிட்டு முடித்துத் திரும்பப் பின்னேரம் ஐந்து மணி. டின் மறுபடி என் கையில் இருந்தது, நிறைய முறுக்கோடு.